பதினான்கு அங்குலம்

6 டிசம்பர் 1927, செவ்வாய்

சர்க்கரை போடாத தேநீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஒன்றுதான். அதைக் குடித்துவிட்டு இன்றும் நடந்தேன். நாலாவது நாள்.

டாக்டர் சொன்னதை எழுதி வைக்கிறேன். நாளைக்கு வசதியாக மறந்துவிடக் கூடாது. என் மூத்திரத்தில் எறும்பு மொய்க்கிறது. தினமும் நாலு மைல் நடக்காவிட்டால் முதலில் கால் விரல் போகும், பிறகு கால். "தோல் வியாபாரிதானே நீங்கள், அழுகினால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை" என்றார். அந்த ஆளுக்கு வாய் அதிகம். ஆனாலும் புரியும்படி சொல்கிறார்.

சலேஹா சர்க்கரை டப்பாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள், இப்போது என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள்.

பினாங்கு டவுனிலிருந்து ஆயர் ஈத்தாம் டிராமில் கடைசி வரை போய், மலைக் கோயிலைத் தாண்டி ஒரு மைல் ஏறினால் ஒரு வெள்ளைக்காரத் துரையின் தோட்டம். ஒரு சரிவில் கிராம்பு, எதிர்ச் சரிவில் ரப்பர், நடுவே பள்ளத்தாக்கில் ஓடை. ஓடைக் கரையில் யாரும் நடக்கலாம். வேட்டையாடக் கூடாது என்று வாசலில் மூன்று பாஷையில் பலகை. மழை நின்றும் பாதை காயவில்லை. சேறு, குரங்குப் பீ, அழுகின பழம். இதைப் பார்க்கத்தான் டவுனிலிருந்து கனவான்கள் வருகிறார்களாம்.

7 டிசம்பர், புதன்

அட்டை. இடது காலில் மூன்று. என் இரத்தம் இனிப்பு என்கிற சேதி அதுகளுக்கும் போய்விட்டது.

11 டிசம்பர், ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை இனி இங்கே வரக் கூடாது. உல்லாசத்துக்கு வந்த கூட்டம் பாறை மேல் உட்கார்ந்து தின்றுவிட்டு எலும்பையும் வாழையிலையையும் ஓடையிலேயே எறிந்துவிட்டுப் போயிருக்கிறது. குரங்குகளுக்கு ரொட்டி போட்டுப் பழக்கியதும் இவர்கள்தான். ஒரு கடுவன் என் சட்டைப் பையில் கையை விட்டது. பல்லைக் காட்டிச் சிரிக்கிறது என்று ஒரு அம்மாள் கைதட்டினாள். சிரிப்பா அது? அறைந்திருப்பேன், கடித்துவிடும் என்று விட்டேன்.

வாசல் காவலுக்கு இருப்பவள் நவமணி என்கிற விதவை. புருஷன் பார்த்த வேலை. அவன் செத்தபின் துரை இவளிடமே கொடுத்துவிட்டார். வாசலை ஒட்டி அத்தாப்பு ஓலைக் கூரை வீடு, பின்னால் பத்துப் பன்னிரண்டு வாத்து. இங்கே தமிழ் முஸ்லிம் எவனும் 'நானா'தான், அண்ணன் மாதிரி. மூக்கைச் சுளித்துக்கொண்டே பேசினாள்.

"நானாவுக்கு என்ன வியாபாரம்?"

"தோல்."

"அதானே பார்த்தேன். ஆள் வர்றதுக்கு முன்னாடி வாசம் வந்திடுச்சு லா."

முப்பது வருஷமாகத் தினமும் இரண்டு வேளை குளிக்கிறேன். நடந்தேன். திரும்பி வரும்போது அவள் கையில் பாராங் கத்தியுடன் ஓடையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். ஒரு உடும்பு அவளுடைய வாத்து முட்டைகளைத் தின்றுவிட்டதாம். "ஒரு நாளைக்கு உன்னை ரெண்டா வெட்டிக் குழம்பு வைக்கலேன்னா பாரு" என்றாள். உடும்பு தென்படவில்லை.

16 டிசம்பர், வெள்ளி

நேற்றும் இன்றும் குளிர். பினாங்கில் பிழைக்க வந்தபின் காலையில் சால்வை போர்த்தியது இதுதான் முதல். வடக்குக் காற்று. சேறு காய்ந்துவிட்டது. பள்ளத்தாக்கில் பனி இடுப்பு உயரத்துக்கு நின்றது. அதற்கு மேலே கிராம்பு மரங்கள் காலில்லாமல் மிதந்தன. பூ மொட்டைப் பறித்துப் பாயில் காயப் போட்டிருக்கிறார்கள். அந்த வாசனை வந்ததும் நின்று மூச்சிழுத்தேன். என் மூக்கில் உப்புப் போட்ட தோலைத் தவிர வேறொன்றும் ஏறாது என்று நினைத்திருந்தேன்.

துணைக்கு ஒருவர் சேர்ந்திருக்கிறார், நான் கேட்காமலே. விநாசித்தம்பி, யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். குடை, தொப்பி, கறுப்பு அட்டை நோட்டு. பாதையில் தினமும் கண்ட பறவை, மிருகம், நேரம், இடம், எல்லாம் எழுதுகிறார். எட்டு வருஷமாக. இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டேன்.

"லாபமோ? ஒண்டும் இல்லை. மெதுவாக் கதையுங்கோ மிஸ்டர் ரசாக், குருவி பறந்திடும்."

பாறையில் வாலை ஆட்டி ஆட்டி ஓடும் சின்னப் பறவை, வயிறு மஞ்சள். வாலாட்டி. சீனத்துக்கும் அப்பால் பனி உறையும் தேசத்திலிருந்து குளிருக்குத் தப்பி இங்கே வருகிறதாம். வருஷா வருஷம் அதே பாறைக்கு. இதன் எடை என்ன இருக்கும், ஒரு கைப்பிடிக் கிராம்பு? நான் இங்கே வந்தபோது கப்பலில் டெக் பிரயாணி, ஏழு நாள் வாந்தி. அதுவோ பறந்தே வருகிறது.

பாவம், எவனோ அதற்கும் ஒரு வலை வைத்திருப்பான் வழியில்.

21 டிசம்பர், புதன்

நவமணி திட்டுகிற உடும்பை இன்று பார்த்தேன். மரப்பாலத்துக்குக் கீழே தட்டைப் பாறை; ஏழரை மணிக்கு அங்கே வெயில் விழுகிறது. அந்த நேரத்துக்குச் சரியாக ஓடையிலிருந்து ஏறி வந்து படுத்தது. மூக்கிலிருந்து வால் வரை ஆறடிக்கு மேல். முதுகில் மஞ்சள் வளையங்கள் அழுத்தமாக, வரிசை தப்பாமல்.

விநாசித்தம்பி தொப்பியைக் கழற்றிவிட்டார். கோயில் வாசலா இது?

நான் என் வேலையைச் செய்தேன். உரித்து விரித்தால் அகலம் பதினான்கு அங்குலம், குறையாது. லண்டனில் சீமாட்டிகள் செருப்புக்கும் கைப்பைக்கும் அலைகிற தோல் இதுதான். எட்டு அங்குலம் வந்தாலே இப்போது அதிர்ஷ்டம். ஒரே ஒரு குறை: வலது பின்னங்காலுக்கு மேலே பிறை மாதிரி ஒரு பழைய வடு. அது இல்லாவிட்டால் முதல் தரம்.

இதை அவரிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "உரிக்காமல் ஒருக்கால் பாருங்கோவன்" என்றார்.

பார்த்தேன். நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைச் சுவைக்கிறது. அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. டிராம் தவறிவிட்டது.

24 டிசம்பர், சனி

சூலியா தெருவுக்குப் பின்னால் உள்ள என் கிடங்குக்கு அக்கரை நிபோங் திபாலிலிருந்து தங்கராஜு வந்தான். தோட்டங்களைச் சுற்றியுள்ள சதுப்பில் ஆள் வைத்து உடும்பு பிடித்து உரித்துக் கொண்டுவருகிறவன். பல்லை இளிக்காமல் ஒரு வார்த்தை வராது. கொண்டுவந்தது எல்லாம் சிறுசு, கைக்குட்டைக்குக் காணாது.

"பெரிசெல்லாம் தீந்துபோச்சு மொதலாளி. ஆத்துல ஒன்னும் இல்ல."

"தீந்துபோச்சா? நான் தினம் காலையில ஒரு பதினாலு அங்குலத்துக்கு சலாம் வச்சிட்டு வர்றேன்."

"சும்மா சொல்றீங்க."

சும்மா சொல்கிறவனா நான்? சரக்கைப் பற்றி நான் ஒரு தரம் சொன்னால் பஜாரில் மறுபேச்சுக் கிடையாது. ஆயர் ஈத்தாம், துரை தோட்டம், பாலத்துக்குக் கீழே தட்டைப் பாறை, ஏழரை மணி வெயில், இடுப்பில் வடு — எல்லாம் சொல்லி வாயை அடைத்தேன். வேட்டை கூடாத இடம் என்பதையும் சொன்னேன்.

29 டிசம்பர், வியாழன்

இதை சலேஹாவிடம் கூடச் சொல்லமாட்டேன். இன்று டாக்டர் சொல்லி நான் போகவில்லை. நானாகவே போனேன். ஐந்தரை மணிக்குக் கண் விழித்ததும் முதலில் நினைத்தது பாறையில் வெயில் எப்போது விழும் என்பதைத்தான்.

பனி விலகும்போது பள்ளத்தாக்கு ஓரத்திலிருந்து சுருளும், பாய் சுருட்டுவது மாதிரி. ஓடைத் தண்ணீர் கணுக்கால் அளவுதான். அடியில் கல் ஒவ்வொன்றும் எண்ணலாம். நீல மீன்கொத்தி ஒன்று மூங்கிலிலிருந்து விழுந்து எழுந்தது, நான் அலகில் மீனைப் பார்ப்பதற்குள் விழுங்கிவிட்டது. உடும்பு தன் இடத்தில். நான் வந்ததை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

நவமணி சொன்னாள், "நானா வயிறு இறங்கிடுச்சே. இனிமே உங்களைப் பார்த்து வாத்து பயப்படாது."

அவளுடைய அந்தச் சிரிப்பு. பல்லெல்லாம் வெற்றிலைக் காவி, பார்க்கச் சகிக்காது. நானும் சிரித்துவிட்டேன்.

4 ஜனவரி 1928, புதன்

ரப்பர்ச் சரிவு சிவந்துவிட்டது. இலையெல்லாம் செம்பு நிறமாகி உதிர்கிறது. துரைமார் இதை மரத்தின் குளிர்காலம் என்கிறார்களாம். பால் வெட்டுக் குறையும். காற்றில்லாத நேரத்திலும் ஒன்றிரண்டு இறங்கிக்கொண்டே இருந்தன. சருகின் மேல் நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். மொட்டைக் கிளையில் கறுப்பு லோத்தோங் குரங்குக் கூட்டம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். ஒரு தாயின் மடியில் குட்டி. தாய் கரி, குட்டி பொன். சத்தியமாகப் பொன் நிறம். விநாசித்தம்பி நோட்டில் நேரத்தைக் குறித்தார்.

"எட்டு வருசத்தில ரெண்டாந்தரம்தான் காணுறன், மிஸ்டர் ரசாக்."

"நமக்காகப் பெத்திருக்கு" என்றேன். அவர் முதல் தடவையாக என் தோளைத் தட்டினார்.

கையைத் துடைத்துக்கொள்வாரோ என்று பார்த்தேன். துடைக்கவில்லை.

9 ஜனவரி, திங்கள்

சனியும் நேற்றும் போகவில்லை, காய்ச்சல். இன்று போனேன். பாறை காலி.

பாறையை ஒட்டி மணலில் இரத்தம் காய்ந்திருந்தது. வாத்து இறகு. நாணலெல்லாம் மடிந்து, ஏதோ புரண்ட மாதிரி. விநாசித்தம்பி சனிக்கிழமையே பார்த்துவிட்டாராம். இரவு முழுவதும் தூங்கவில்லையாம்.

நவமணி தலையிலடித்துச் சத்தியம் செய்கிறாள். "வெட்டுவேன்னு சொன்னேன் நானா, சொல்லாம இருந்தேனா? சொன்னவ எல்லாம் வெட்டிடுவாளா? வெள்ளிக்கிழமை ஒருத்தன் வந்து ரெண்டு வாத்து வெலைக்கு வாங்கிட்டுப் போனான். அதோட எறகு அது."

"என்ன பேர் அவருக்கு?" என்று கேட்டார் விநாசித்தம்பி.

"வாத்து வாங்க வர்றவன்கிட்ட பேரையா கேப்பேன்?"

அவர் நோட்டைத் திருப்பி வாசித்தார். டிசம்பர் பதினொன்று, இருபது, ஜனவரி இரண்டு. மூன்று தேதியிலும் அவள் பாராங்கோடு நின்று சொன்னது வார்த்தை பிசகாமல் இருந்தது. குருவிக்குப் பக்கத்தில் அதையும் எழுதி வைத்திருக்கிறார். சீ, என்ன மனுஷன்.

டிராமுக்கு நேரமாயிற்று என்று அங்கிருந்து கிளம்பிவிட்டேன். காய்ச்சல்தான்.

12 ஜனவரி, வியாழன்

துரை வந்தார். விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டுகிற உடும்பாம் அது. விநாசித்தம்பி நோட்டைக் கொடுத்தார். நல்ல எண்ணத்தில்தான், அது எனக்குத் தெரியும்; நியாயம் என்று நினைத்ததைச் செய்துவிட்டு அதற்குப் பிறகு அவர் முகம் செத்துக் கிடந்தது. காவலுக்கு வைத்தவளே வெட்டினால் காவல் எதற்கு என்றார் துரை. மாதக் கடைசியில் நவமணி வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அவள் அழவில்லை. வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுங்களை எங்க வச்சு வளப்பேன்" என்று மட்டும் கேட்டாள், யாரையும் பார்க்காமல்.

14 ஜனவரி, சனி

தங்கராஜு ஆள் மூலம் கட்டு அனுப்பியிருந்தான். இருபத்திரண்டு தோல்.

தரம் பிரிக்கும்போது நான் கண்ணை நம்புவதில்லை. கழுத்திலிருந்து வால் வரை உள்ளங்கையை ஓடவிடுவேன். குறை இருக்கும் இடத்தில் கை தானாக நிற்கும். ஒன்பதாவது தோலில் கை நின்றது. "வடு. ரெண்டாம் தரம்" என்று வாய் சொல்லிவிட்டது. தூக்கிப் போட்டேன். பத்தாவதை எடுத்துப் பாதி தடவிய பிறகுதான் நெஞ்சில் இடித்தது.

எழுந்து போய் அதை எடுத்து விரித்தேன். வலது இடுப்பு. பிறை. அளந்தேன். பதின்மூன்றே முக்கால், காய்ந்ததில் கால் அங்குலம் சுருங்கியிருக்கும்.

கணித்தது சரி என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். பொய் எழுதுவதில்லை என்றுதானே இந்தப் புத்தகம்? சந்தோஷப்பட்டேன். பிறகு பின்கட்டுக்குப் போய் வாந்தியெடுத்தேன்.

15 ஜனவரி, ஞாயிறு

போகவில்லை.

17 ஜனவரி, செவ்வாய்

ஃபெரி ஏறி, ரயில் பிடித்து நிபோங் திபால் போனேன். இத்தனை வருஷத்தில் தங்கராஜுவின் கொட்டகைக்குப் போனது இதுதான் முதல். நான் பார்த்ததெல்லாம் ஆணியடித்துக் காய்ந்த தோல். பலகை மாதிரி சுத்தமான சரக்கு.

கொட்டகையில் உயிருள்ள உடும்புகளை விறகு மாதிரி அடுக்கியிருந்தார்கள். முன்னங்காலையும் பின்னங்காலையும் முதுகுக்கு மேலே மடக்கிப் பிரம்பால் கட்டி. அப்படியே நாலைந்து நாள் கிடக்குமாம், தண்ணீர் கூட வேண்டாமாம். ஒருவன் கட்டையால் மண்டையில் ஒரு போடு போட்டான். இன்னொருவன் வயிற்றில் கீறி, சட்டை கழற்றுகிற மாதிரி இழுத்தான். தோல் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் கிடந்த சதை வாயைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாக்கை நீட்டியது. காற்றைச் சுவைத்தது.

ஈ. அந்த நாற்றம். அங்கேயே குத்தவைத்து ஒருவன் சோறு தின்றுகொண்டிருந்தான்.

"அந்தப் பெரிசு எப்படிடா பிடிச்சே?"

"ரெண்டு வாத்து வாங்கி, கொடலை எடுத்து ஓடையோரம் வச்சேன், மொதலாளி. வெயிலுக்கு வரும்னு நீங்கதானே சொன்னீங்க. உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னுதான்—"

"துரை தோட்டம், வேட்டை கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. வடு எந்தப் பக்கம் இருக்குன்னும் சொன்னீங்க." இளித்தான். "வேணாம்னா எதுக்கு மொதலாளி நேரம் வரைக்கும் சொல்றாங்க?"

"காவக்காரம்மாவுக்கு வீடு போகுதுடா."

"நீங்க போய்ச் சொல்லுங்களேன், எங்க கிடங்குலதான் இருக்குன்னு."

அறைந்தேன். கை வலித்ததே தவிர ஒன்றும் தீரவில்லை. அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, அடுத்த கட்டு சனிக்கிழமை என்றான்.

19 ஜனவரி, வியாழன்

மலிவாக முடிக்கப் பார்த்தேன். நவமணியிடம் போய், கிடங்கில் தோலுக்கு உப்புப் போடுகிற வேலை இருக்கிறது, பின்னாலேயே ஒரு அறையும் தருகிறேன் என்றேன்.

"எனக்கு எதுக்கு நானா இவ்வளவு எரக்கம்?"

"தெரிஞ்சவங்கன்னுதான்."

"அங்க வாத்து வளக்கலாமா?"

"அது முடியாது."

"ஓடை இருக்கா?"

பின்னால் மேய்கிற வாத்துகளைப் பார்த்தேன்.

"நான் செய்யாததுக்கு என்னை வெரட்டுறாங்க. நீங்க உப்புத் தொட்டிக்குள்ள கூப்பிடுறீங்க. போங்க நானா, வெயில் ஏறுது."

அவள் சந்தேகப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. என்னை ஒரு நல்ல மனுஷன், நாற்றம் பிடித்த நல்ல மனுஷன் என்று நினைக்கிறாள்.

21 ஜனவரி, சனி

கப்பல் இருபத்தைந்தாம் தேதி. இரண்டாம் தரக் கட்டு தயார். அந்தத் தோல் நடுவில் எங்கோ இருக்கிறது. சாக்குத் தைத்து முத்திரை குத்தினால் தீர்ந்தது. லண்டனில் யாரோ ஒருத்தி காலில் போட்டுக்கொண்டு நடப்பாள். பினாங்கில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது.

சொன்னால்? ஒன்று, பள்ளத்தாக்கு போகும். இரண்டு, விநாசித்தம்பி. மூன்று, தடை செய்த இடத்துச் சரக்கை ரசாக் வாங்குகிறான் என்று பஜார் முழுவதும் பேசும். வெறுங்கையோடு வந்து நாற்பது வருஷம் கட்டிய பேர்.

சொல்லாவிட்டால் நான் அங்கே தினமும் நடக்கலாம். புது ஆள் வாசலைத் திறந்துவிடுவான். காலிப் பாறையைப் பார்த்தபடி நான் நடப்பேன்.

சலேஹா, "சர்க்கரை திருடினீங்களா, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள்.

23 ஜனவரி, திங்கள்

சீனப் புத்தாண்டு. டவுனெல்லாம் வெடிப் புகை, கிடங்கு மூடல். நடந்தேன். ரப்பர் மரம் ஒன்றிலும் இலை இல்லை. வானம் கிளைகளுக்குள் இறங்கி வந்துவிட்ட மாதிரி வெளிச்சம். வாலாட்டி பாறையில் இருந்தது. முன்பு உடும்புக்குப் பயந்து ஓரமாக ஓடும், இன்று நட்ட நடுவில்.

விநாசித்தம்பி சொன்னார்: "நான் அந்த மனிசிக்குப் பிழை செய்திட்டனோ எண்டு கிடக்கு, மிஸ்டர் ரசாக். கண்டதை எழுதினன். காணாததை எப்படி எழுதுறது?"

நவமணி கூடை முடைந்துகொண்டிருந்தாள், வாத்துகளைப் பாசாருக்கு விற்கக் கொண்டுபோக.

வீடு வந்ததும் கிடங்கைத் திறந்தேன். தைத்த சாக்கைக் கத்தியால் கிழித்தேன்.

24 ஜனவரி, செவ்வாய்

சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டிராம் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்து போய்விட்டான்.

துரை வரும் நாள் அது. விநாசித்தம்பியை நிற்கச் சொன்னேன், நவமணியைக் கூப்பிட்டேன். வாசலில், பலகைக்குக் கீழே, விரித்தேன். வடுவைக் காட்டினேன். என் கிடங்குக்கு வந்தது, இடத்தையும் நேரத்தையும் சொன்னது நான், பிடித்தவன் என் ஆள், இறகு அவள் விற்ற வாத்தினுடையது. நாலு வாக்கியம். ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன், உளறக்கூடாது என்று.

நவமணி என்னைப் பார்க்கவில்லை. தோலைத்தான் பார்த்தாள். "இவ்வளவுதானா இது? உசுரோட இருந்தப்ப எவ்வளவு பெரிசா இருந்திச்சு" என்றாள். பிறகு விநாசித்தம்பியிடம், "ஐயா, நோட்டுல இதையும் எழுதிக்குங்க."

அவர் நோட்டைத் திறக்கவில்லை. "எத்தினை நாள் வைச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"பத்து நாள்."

"நேற்று நான் கதைக்கேக்கையும்?"

"ஆமாம்."

குடையை விரித்துக்கொண்டு ஓடைப் பக்கம் போய்விட்டார். மழையும் இல்லை, வெயிலும் ஏறவில்லை.

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும், அதில் எல்லோருக்கும் 'நீ'தான். "நீ இனி இந்த வாசல் உள்ளே வராதே. அவள் இருப்பாள்." அவ்வளவுதான். தோலைச் சுருட்டி அவரே எடுத்துக்கொண்டார். சுவரில் மாட்டுவாரோ என்னவோ. கேட்கிற யோக்கியதை எனக்கில்லை.

25 ஜனவரி, புதன்

கப்பல் போய்விட்டது. இரண்டாம் தரக் கட்டில் ஒரு தோல் குறைவு.

8 பிப்ரவரி, புதன்

கடற்கரைப் பக்கம் நடக்கிறேன். கருவாடு, சாக்கடை, எண்ணெய் மிதக்கிற அலை. காக்கையைத் தவிர ஒரு பறவை கிடையாது. நாலு மைல் ஆகிறது, டாக்டருக்கு அது போதும்.

தங்கராஜு இப்போது அடுத்த தெருவில் இன்னொருவருக்குக் கொடுக்கிறான். அவர்கள் கடையில் என்னைப் பற்றி என்ன பேச்சு என்பதும் காதுக்கு வந்தது. உடும்புத் தோலை நான் விட்டுவிட்டேன். மாட்டுத் தோல் மட்டும். நல்லவனாகிவிட்டேன் என்று எழுதவில்லை. தோலைத் தடவினால் நாக்கை நீட்டுகிறது. அப்படி வேலை செய்ய முடியாது, அவ்வளவுதான். மாட்டை அறுப்பதைப் பார்த்திருக்கிறேனா? சிறு வயதிலிருந்து. அது ஏன் பரவாயில்லை? தெரியவில்லை. இந்தக் கேள்வியைக் கொஞ்ச நாள் ஒத்திவைக்கிறேன்.

22 பிப்ரவரி, புதன்

பிறை தெரிந்துவிட்டது. நாளை நோன்பு. நடை இனி மாலையில், அஸர் தொழுகைக்குப் பிறகு. பிறை என்றதும் எனக்கு எது ஞாபகம் வந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை.

27 மார்ச், செவ்வாய்

பெருநாள் முடிந்து நாலு நாள். மூத்திரம் சோதித்ததில் சர்க்கரை இல்லையாம். டாக்டர் என்னைப் பாராட்டினார், எரிச்சலாக வந்தது.

கால் தானாக ஆயர் ஈத்தாம் டிராமில் ஏறிவிட்டது. வாசல் வரை நடந்தேன். வாசலுக்கு இந்தப் பக்கம் பாதை யாருடையதும் இல்லை. ரப்பர்ச் சரிவு முழுக்கப் புது இலை, பச்சை கண்ணைப் பறிக்கிறது. குளிர் போய்விட்டது, ஏழு மணிக்கே வியர்வை.

விநாசித்தம்பி உள்ளே, பாலத்தின் மேல். பார்த்தார். தொப்பியைத் தொட்டாரா, சரி செய்தாரா, அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

நவமணி கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். வாத்துகள் அவள் காலைச் சுற்றி. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

"வாலாட்டி போயிடுச்சு நானா. நேத்தோ முந்தாநேத்தோ. அந்தத் தங்கக் குட்டி இப்ப கறுத்துப்போச்சு, அம்மா மாதிரியே." கையிலிருந்த முட்டைக் கூடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நேத்திக்கு ரெண்டு முட்டையைக் காணோம்" என்றாள்.

"இன்னொண்ணா?"

"சின்னது."

"எந்தப் பக்கம் வருது?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முட்டைக் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"அதை உங்ககிட்ட சொல்லமாட்டேன் லா."

"வேண்டாம். சொல்லாதீங்க" என்றேன்.

திரும்பி நடந்தேன். டிராம் ஏறாமல் வீடு வரை. ஆறு மைல் இருக்கும்.